அடுப்பை அணைத்த பின்னும் வேகும் பானை

(தொடர்கல்வி மையக் கூட்டத்தில் பேசப்பட்ட பேச்சு)



இன்றைய பேச்சு சமையலைப் பற்றியது. இங்கே இருக்கும் பெண்களுக்கு யாரும் சமையல் சொல்லித்தர வேண்டியதில்லை. பத்து வயதிலேயே அடுப்படிக்கு வந்தவர்கள் பலர் இருப்பீர்கள். கைப்பக்குவம் உங்களிடமே இருக்கிறது. இன்று பேசப்போவது கணக்கைப் பற்றி. விறகுக் கணக்கு. கேஸ் கணக்கு. நேரக் கணக்கு.

ஒரு பெரிய குடும்பத்தை நினைத்துக்கொள்ளுங்கள். மாமனார், மாமியார், கணவன், மனைவி, கொழுந்தன், மூன்று பிள்ளைகள். மொத்தம் 8 பேர். மனைவி பகல் முழுவதும் வயல் வேலைக்குப் போகிறாள். மாலை 6 மணிக்கு வீடு திரும்புகிறாள். அடுப்பைப் பற்ற வைக்கிறாள். பருப்பு வேக முக்கால் மணி நேரம். சோறு வேக அரை மணி நேரம். பிறகு காய். இடையில் தண்ணீர் எடுக்க வேண்டும். பொங்கி வழியாமல் பார்க்க வேண்டும். அடிப்பிடிக்காமல் கிளற வேண்டும். எல்லோருக்கும் போட்டு முடித்து அவள் தட்டின் முன் உட்காரும்போது மணி பத்து. மறுநாள் விடியுமுன் மறுபடியும் அடுப்பு.

இது ஒரு வீட்டுக் கதை அல்ல. பீகாரிலும் இதுதான். ராஜஸ்தானிலும் இதுதான். மும்பையின் குடிசைப் பகுதியிலும் இதுதான். மொழி வேறு, சோறு வேறு. அடுப்பின் முன் நிற்கும் நேரம் மட்டும் எல்லா இடத்திலும் ஒன்று.

இந்த நேரத்தைக் குறைக்க முடியுமா? எரிபொருளை மிச்சப்படுத்த முடியுமா? முடியும். அதற்குப் பெரிய செலவு வேண்டாம். ஒரு பெட்டியும் கொஞ்சம் வைக்கோலும் போதும்.

பழைய வழக்கம்தான்

மெதுவாக வேக வைப்பது புதிய விஷயம் அல்ல. இந்தியாவில் பல ஊர்களில் இது பழைய வழக்கம்.

பஞ்சாபிலும் அரியானாவிலும் கிராமத்து வீடுகளில் 'ஹாரா' என்று ஓர் அடுப்பு உண்டு. மண்ணால் செய்தது. அதில் வறட்டியைப் போட்டுப் பற்ற வைப்பார்கள். அது கொழுந்துவிட்டு எரியாது. கனன்றுகொண்டே இருக்கும். அதன் மேல் பாலை வைப்பார்கள். அல்லது முழுக் கறுப்பு உளுந்தை வைப்பார்கள். வைத்துவிட்டு வயலுக்குப் போய்விடுவார்கள். திரும்பி வரும்போது உளுந்து குழைந்து வெண்ணெய் போல இருக்கும்.

குஜராத்தில் 'உந்தியு' என்று ஓர் உணவு உண்டு. கிழங்குகளையும் காய்களையும் மண்பானையில் அடைப்பார்கள். பானையைத் தலைகீழாகக் குழியில் வைப்பார்கள். மேலே தீ மூட்டுவார்கள். தலைகீழாக வைப்பதால்தான் அந்தப் பெயர்.

ஒடிசாவில் பூரி ஜெகந்நாதர் கோயில் இருக்கிறது. அங்கே சமையல் மண்பானையில்தான். பானை மேல் பானையாக அடுக்கி, கீழே விறகுத் தீ எரிப்பார்கள். ஒரே தீயில் பல பானைகள் வேகும்.

கல்கத்தாவில் இந்துமாதவ் மல்லிக் என்று ஒரு மருத்துவர் இருந்தார். அவர் 1910ஆம் ஆண்டில் ஒரு குக்கரைச் செய்தார். அதன் பெயர் 'இக்மிக் குக்கர்'. அடியில் கொஞ்சம் கரி எரியும். மேலே அடுக்கு அடுக்காகப் பாத்திரங்கள் இருக்கும். ஒன்றில் அரிசி, ஒன்றில் பருப்பு, ஒன்றில் காய். எல்லாம் ஆவியில் வேகும். கிளற வேண்டாம். பக்கத்தில் நிற்க வேண்டாம். பற்ற வைத்துவிட்டு வெளியே போகலாம். தனியாகத் தங்கி வேலை பார்த்தவர்களுக்கும் பயணம் போனவர்களுக்கும் அது பெரிய உதவியாக இருந்தது.

வெளிநாட்டிலும் இப்படி ஒன்று உண்டு. அமெரிக்காவில் இர்விங் நாக்ஸன் என்பவர் மின்சாரத்தில் மெதுவாக வேக வைக்கும் பானையைச் செய்தார். 1940ஆம் ஆண்டில் அதற்குக் காப்புரிமை பெற்றார். 1971ஆம் ஆண்டு முதல் 'கிராக் பாட்' என்ற பெயரில் அது கடைக்கு வந்தது. காலையில் போட்டுவிட்டு வேலைக்குப் போனால் இரவுச் சாப்பாடு தயாராக இருக்கும்.

இந்த மின்பானை இப்போது இந்தியாவிலும் கிடைக்கிறது. 200 வாட் பானை 6 மணி நேரம் ஓடினால் 1,200 வாட் மணி. அதாவது 1.2 யூனிட் மின்சாரம். இது அதிகம் அல்ல. ஆனால் பானையைக் காசு கொடுத்து வாங்க வேண்டும். மின்சாரம் இடையில் நிற்கக் கூடாது. பல மணி நேரம் மின்சாரம் நின்றால் பானைக்குள் உணவு வெதுவெதுப்பாகக் கிடந்து கெட்டுவிடும்.

வைக்கோல் பெட்டிக்கு மின்சாரம் வேண்டாம். முதல் உலகப் போரின்போதும் இரண்டாம் உலகப் போரின்போதும் இங்கிலாந்தில் எரிபொருளுக்குத் தட்டுப்பாடு வந்தது. அப்போது அங்கே பெண்கள் வைக்கோல் பெட்டியில் சமைத்தார்கள். தட்டுப்பாட்டில் உதவிய பெட்டி ஏழை வீட்டுக்கும் உதவும்.

கொதிப்பது வேறு, வேகுவது வேறு

இதில் ஒரு சிறிய அறிவியல் இருக்கிறது. கவனமாகக் கேளுங்கள்.

தண்ணீர் 100 டிகிரி சூட்டில் கொதிக்கும். கொதிக்கத் தொடங்கிய பிறகு தீயைக் கூட்டினால் என்ன ஆகும்? தண்ணீர் இன்னும் சூடாகுமா? ஆகாது. திறந்த பானையில் சூடு 100 டிகிரியைத் தாண்டாது. கூடுதல் தீ எல்லாம் ஆவியாகப் போகும். அடுக்களைதான் சூடாகும்.

அப்படியானால் கொதித்த பிறகு அடுப்பு எதற்கு எரிகிறது? பானை இழக்கும் சூட்டை ஈடு செய்வதற்காக எரிகிறது. பானையின் பக்கங்களில் சூடு போகிறது. மூடி வழியாகப் போகிறது. ஆவியில் போகிறது. ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருப்பது போன்ற வேலை இது.

ஓட்டையை அடைத்துவிட்டால்? தண்ணீர் ஊற்ற வேண்டாம் அல்லவா? அதேபோலச் சூடு வெளியே போகாமல் தடுத்துவிட்டால் அடுப்பு வேண்டாம். பானை தன் சூட்டிலேயே வேகும். அரிசியும் பருப்பும் வேக நல்ல கொதிப்பு எப்போதும் தேவை இல்லை. 90 டிகிரியிலும் வேகும். கொஞ்சம் கூடுதல் நேரம் ஆகும். அவ்வளவுதான்.

குளிரில் கம்பளி போர்த்துக்கொள்கிறீர்கள். கம்பளி சூடு தருவதில்லை. உடம்பின் சூடு வெளியே போகாமல் காக்கிறது. வைக்கோல் பெட்டி பானைக்குப் போர்த்தும் கம்பளி.

இன்னொன்றும் உண்டு. சின்னப் பானை சீக்கிரம் ஆறும். பெரிய பானை மெதுவாக ஆறும். ஒரு டம்ளர் வெந்நீரையும் ஓர் அண்டா வெந்நீரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எது முதலில் ஆறுகிறது? அதனால்தான் இந்த முறை இரண்டு பேர் வீட்டைவிட எட்டுப் பேர் வீட்டுக்குப் பொருந்தும். பெரிய குடும்பம் என்றால் செலவு அதிகம் என்பார்கள். இந்த ஒரு விஷயத்தில் பெரிய குடும்பத்துக்கு லாபம்.

மலை உச்சி ஊர்களில் மட்டும் இது சரிப்படாது. லடாக்கில் உள்ள லே நகரம் சுமார் 3,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே தண்ணீர் சுமார் 88 டிகிரியிலேயே கொதித்துவிடும். அந்தச் சூட்டில் பருப்பு வேக வெகுநேரம் ஆகும். அங்கே பிரஷர் குக்கர்தான் நல்லது.

பெட்டி செய்யும் முறை

என்ன வேண்டும்?

ஒரு பெட்டி. பழைய மரப்பெட்டி, மூங்கில் கூடை, கனத்த அட்டைப் பெட்டி எதுவும் ஆகலாம். பானையை உள்ளே வைத்தால் எல்லாப் பக்கமும் 4 அங்குல இடம் மிஞ்ச வேண்டும். அதாவது நான்கு விரல்கள் சேர்ந்த அகலத்தைவிடக் கொஞ்சம் கூடுதல்.

நிரப்புவதற்கு வைக்கோல். வைக்கோல் இல்லாத ஊரில் உமி, பழைய பஞ்சு, கிழிந்த ரஜாய், கம்பளித் துண்டு எதையும் போடலாம். எது போட்டாலும் காய்ந்திருக்க வேண்டும். ஈரம் சூட்டை வெளியே கடத்திவிடும்.

உமி போட்டு ஒரு சின்ன மெத்தை. பானையின் மேல் அமுக்கி மூடுவதற்கு.

இறுக்கமான மூடி உள்ள பானை. கைப்பிடி நீளமாக இருந்தால் பெட்டியில் அடங்காது. பக்கங்களில் காது உள்ள பானை நல்லது.

எப்படிச் செய்வது?

பெட்டியின் அடியில் 4 அங்குலம் வைக்கோலைப் போட்டு அமுக்குங்கள். நடுவில் வெறும் பானையை வையுங்கள். சுற்றிலும் வைக்கோலை இறுக்கி அடையுங்கள். பானையை மெல்ல எடுங்கள். பறவைக்கூடு போல ஒரு குழி இருக்கும். அதற்குள் ஒரு பழைய துணியை விரியுங்கள். பெட்டி தயார்.

அடுப்புக்குப் பக்கத்தில் பெட்டியை வைக்காதீர்கள். வைக்கோல் தீப்பிடிக்கும். பானையின் அடியில் கங்கு ஒட்டியிருக்கிறதா என்று பார்த்துத்தான் உள்ளே வைக்க வேண்டும். விறகு அடுப்பு வைத்திருப்பவர்கள் இதை மறக்கக் கூடாது. வாரம் ஒரு முறை வைக்கோலை வெயிலில் உலர்த்துங்கள். நமத்துப் போனால் மாற்றுங்கள்.

சமைக்கும் முறை

பானையில் அரிசியோ பருப்போ போடுங்கள். முக்கால் பானைக்குக் குறையக் கூடாது. பாதிப் பானை காலியாக இருந்தால் சீக்கிரம் ஆறிவிடும். மூடி போட்டு அடுப்பில் வைத்து நன்றாகக் கொதிக்க விடுங்கள். பானையின் நடுவில் இருக்கும் பருப்பும் சூடாக வேண்டும். குறித்த நேரம் கொதித்ததும் அடுப்பை அணையுங்கள். மூடியைத் திறக்காமல் உடனே பெட்டிக்குள் வையுங்கள். மேலே மெத்தையை அமுக்கி மூடுங்கள். பிறகு திறந்து பார்க்காதீர்கள். ஒரு முறை திறந்தாலும் ஆவி போய்விடும். சூடு குறைந்துவிடும்.

வழக்கத்தைவிடத் தண்ணீர் குறைவாக வையுங்கள். நான்கு டம்ளர் வைக்கும் இடத்தில் மூன்று டம்ளருக்குக் கொஞ்சம் மேல் போதும். பெட்டிக்குள் ஆவி வீணாவதில்லை.

எதற்கு எவ்வளவு நேரம்? எழுதிக்கொள்ளுங்கள்.

அரிசி: அடுப்பில் கொதி வந்த பிறகு 5 நிமிடம். பெட்டியில் 1 மணி நேரம்.

துவரம்பருப்பு, மைசூர்ப்பருப்பு: அடுப்பில் 10 முதல் 15 நிமிடம். பெட்டியில் 2 மணி நேரம்.

கிச்சடி: அடுப்பில் 10 நிமிடம். பெட்டியில் ஒன்றரை மணி நேரம்.

உருளைக்கிழங்கு: அடுப்பில் 5 நிமிடம். பெட்டியில் ஒன்றரை மணி நேரம்.

ஊறிய கொண்டைக்கடலை: அடுப்பில் 30 நிமிடம். பெட்டியில் 3 முதல் 4 மணி நேரம்.

ஊறிய ராஜ்மா: அடுப்பில் 30 நிமிடம். பெட்டியில் 4 மணி நேரம்.

இது பொதுவான கணக்கு. உங்கள் பானை, உங்கள் அரிசி, உங்கள் ஊர்த் தண்ணீர் வேறாக இருக்கும். பழைய பருப்பு வேக அதிக நேரம் ஆகும். கிணற்று நீர் கடினமாக இருந்தாலும் பருப்பு சீக்கிரம் வேகாது. இரண்டு முறை செய்து பார்த்தால் உங்கள் வீட்டுக் கணக்கு பிடிபடும்.

புளியும் தக்காளியும் முதலில் போடாதீர்கள். புளிப்பு சேர்ந்தால் பருப்பு விறைத்துக்கொள்ளும். வெந்த பிறகு சேருங்கள். சீக்கிரம் வேக வேண்டும் என்று சோடா உப்பும் போடாதீர்கள். அது பருப்பில் உள்ள ஒரு வைட்டமின் சத்தை அழித்துவிடும்.

மூன்று இரவுச் சாப்பாடு

8 பேர் குடும்பத்துக்கு விலை குறைந்த மூன்று சாப்பாடுகளைப் பார்ப்போமா?

ஒன்று: கிச்சடி. வட இந்தியா முழுவதும் தெரிந்த உணவு. உத்தரப் பிரதேசத்தில் மகர சங்கராந்திப் பண்டிகைக்கே கிச்சடி என்று பெயர். வங்காளத்தில் மழை பெய்தால் கிச்சடி.

அரிசி 750 கிராம். பாசிப்பருப்பு 250 கிராம். பூசணி, உருளை, கேரட் என்று மலிவாகக் கிடைக்கும் காய் 750 கிராம். மஞ்சள்தூள் கொஞ்சம். தண்ணீர் மூன்றே கால் லிட்டர். உப்பு. எல்லாவற்றையும் ஒரே பானையில் போடுங்கள். 10 நிமிடம் கொதிக்க விட்டுப் பெட்டியில் வையுங்கள். ஒன்றரை மணி நேரம் கழித்து எடுங்கள். சின்னப் பிள்ளைக்கும் பல் இல்லாத பெரியவர்களுக்கும் தனியாக எடுத்துவிடுங்கள். பிறகு சீரகம், இஞ்சி, மிளகாய் வற்றல் தாளித்துக் கொட்டுங்கள்.

மூன்று பங்கு அரிசிக்கு ஒரு பங்கு பருப்பு. இந்தக் கணக்கை மறக்காதீர்கள். அரிசியில் குறைவாக உள்ள சத்து பருப்பில் இருக்கிறது. பருப்பில் குறைவாக உள்ளது அரிசியில் இருக்கிறது. இரண்டும் சேர்ந்தால் உடம்பு வளரும். வெறும் சோறு வயிற்றை மட்டும்தான் நிரப்பும்.

இரண்டு: கறுப்புக் கொண்டைக்கடலைக் குழம்பு. கடலை 500 கிராம். காலையில் ஊற வையுங்கள். மதியம் வரை ஊறட்டும். வீட்டில் இருக்கும் பெரியவர்கள் மூன்று மணி வாக்கில் 30 நிமிடம் கொதிக்க வைத்துப் பெட்டியில் வைக்கலாம். மாலை 7 மணிக்குக் கடலை வெந்திருக்கும். வெங்காயம், தக்காளி, மசாலாவை எண்ணெயில் வதக்கிச் சேருங்கள். இரண்டு உருளைக்கிழங்கை மசித்துப் போட்டால் குழம்பு கெட்டியாகும். ஒரு முறை நன்றாகக் கொதிக்க வைத்து இறக்குங்கள். சோற்றுக்கும் ஆகும். ரொட்டிக்கும் ஆகும்.

மூன்று: கீரைப் பருப்பு. துவரம்பருப்பு 400 கிராம். பெட்டியில் வேக வையுங்கள். கீரையைப் பெட்டியில் வைக்காதீர்கள். பருப்பு வெந்த பிறகு கீரையைப் போட்டு 5 நிமிடம் அடுப்பில் கொதிக்க விடுங்கள். சாப்பிடும் நேரத்தில் எலுமிச்சைச் சாறு பிழியுங்கள். கீரையில் உள்ள இரும்புச் சத்தை உடம்பு ஏற்க எலுமிச்சை உதவும். இரத்தசோகை உள்ள பெண்களுக்கும் வளரும் பெண் பிள்ளைகளுக்கும் இது மிகவும் முக்கியம்.

ரொட்டியைப் பெட்டியில் செய்ய முடியாது. அதை ஒத்துக்கொள்ள வேண்டும். ரொட்டிக்குக் கல் வேண்டும், தீ வேண்டும். ஆனால் ரொட்டி சுடும் நேரத்தில் பருப்பு தனியே பெட்டியில் வெந்துகொண்டிருக்கும்.

எச்சரிக்கை

பெட்டி நல்லதுதான். சில விஷயங்களில் கவனம் வேண்டும். கவனம் தவறினால் குடும்பமே வயிற்றுப்போக்கில் படுத்துவிடும்.

முதலாவது, ராஜ்மா. ராஜ்மாவில் இயற்கையாகவே ஒரு நஞ்சு இருக்கிறது. நன்றாகக் கொதித்தால் அது அழிந்துவிடும். கொதிக்காமல் வெதுவெதுப்பில் வெந்தால் அழியாது. அதனால் வாந்தியும் வயிற்றுப்போக்கும் வரும். எனவே ராஜ்மாவை இரவு முழுவதும் ஊற வையுங்கள். ஊறிய தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். புதிய தண்ணீரில் குமிழ் விட்டுப் பொங்கும்படி கொதிக்க வையுங்கள். அதன் பிறகுதான் பெட்டி. மின்பானை வைத்திருப்பவர்களும் ராஜ்மாவை முதலில் அடுப்பில் கொதிக்க வைக்க வேண்டும்.

இரண்டாவது, நேரம். 4 மணி நேரத்துக்கு மேல் பெட்டியில் வைக்காதீர்கள். திறக்கும்போது ஆவி பறக்க வேண்டும். கை வைக்க முடியாத சூடு இருக்க வேண்டும். வெதுவெதுப்பாக இருந்தால் கிருமி வளரத் தொடங்கியிருக்கும். 4 மணி நேரத்துக்கு முன்பே சூடு குறைந்திருந்தால் உடனே மறுபடியும் கொதிக்க வையுங்கள். எப்போது ஆறியது என்று தெரியாமல் வெகுநேரம் கிடந்ததைச் சாப்பிடாதீர்கள். சில கிருமிகள் விடும் நஞ்சு கொதிக்க வைத்தாலும் போகாது. காலையில் வைத்து இரவில் எடுக்கலாம் என்று நினைக்க வேண்டாம்.

மூன்றாவது, மிச்சச் சோறு. மிஞ்சியதைப் பெட்டிக்குள் விட்டு வைக்காதீர்கள். அகலமான தட்டில் பரப்பிச் சீக்கிரம் ஆற விடுங்கள். குளிர்ப்பெட்டி இல்லாத வீட்டில் எட்டுப் பேருக்கு அளந்து சமைப்பதே நல்லது.

நான்காவது, இறைச்சி. பழக்கம் வரும் வரை இறைச்சியைப் பெட்டியில் வைக்க வேண்டாம். பருப்பிலும் அரிசியிலும் கை பழகட்டும்.

பிரஷர் குக்கர் இருந்தால்?

சிலர் கேட்பார்கள்: "வீட்டில் பிரஷர் குக்கர் இருக்கிறது. பெட்டி எதற்கு?"

நல்ல கேள்வி. பிரஷர் குக்கரில் சூடு 100 டிகிரியைத் தாண்டும். அதனால் சீக்கிரம் வேகும். எரிபொருளும் மிச்சம். குக்கர் இருந்தால் பயன்படுத்துங்கள். ஆனால் 3 லிட்டர் குக்கரில் எட்டுப் பேர் சாப்பாடு அடங்குமா? ஒரு முறை பருப்பு, ஒரு முறை சோறு, ஒரு முறை கடலை என்று மாற்றி மாற்றி வைக்க வேண்டும். பெரிய குக்கருக்கு விலை அதிகம். குக்கரில் கடலை வேகட்டும். பெட்டியில் சோறு வேகட்டும். இரண்டும் சேர்ந்து வேலை செய்யட்டும்.

எழுத்து எங்கே உதவும்?

2016ஆம் ஆண்டு மே 1 அன்று உத்தரப் பிரதேசத்தின் பலியா நகரில் 'உஜ்வலா' திட்டம் தொடங்கியது. ஏழைப் பெண்களின் பெயரில் கேஸ் இணைப்பு கொடுக்கும் திட்டம். கோடிக்கணக்கான வீடுகளுக்கு அடுப்பு வந்தது. புகை இல்லாத சமையல் வந்தது. ஆனால் சிலிண்டர் தீர்ந்ததும் அடுத்த சிலிண்டருக்குக் காசு வேண்டும். காசு இல்லாதபோது பல வீடுகளில் கேஸ் அடுப்பு ஓரமாகப் போகிறது. மறுபடியும் விறகு. மறுபடியும் புகை. கண் எரிச்சல், இருமல். விறகு பொறுக்க யார் போகிறார்கள்? பெரும்பாலும் பெண் பிள்ளைகள். அன்று பள்ளிக்கூடம் போகாமல் நிற்பதும் அவர்கள்தான்.

வீட்டுக்கு வரும் சிலிண்டரில் 14.2 கிலோ கேஸ் இருக்கிறது. அதை எத்தனை நாள் நீட்டலாம்? இதற்கு உங்கள் எழுத்து உதவும்.

சிலிண்டர் மாட்டிய நாளில் ஒரு நோட்டில் தேதியை எழுதுங்கள். தீர்ந்த நாளில் தேதியை எழுதுங்கள். இடையில் எத்தனை நாள்? கூட்டிப் பாருங்கள். அடுத்த சிலிண்டருக்குப் பெட்டியைப் பயன்படுத்துங்கள். அதற்கும் தேதி எழுதுங்கள். இரண்டையும் ஒப்பிடுங்கள். யார் சொல்வதையும் நம்ப வேண்டாம். உங்கள் கையெழுத்தே சொல்லும்.

ஒரு சின்னக் கணக்குப் போடுங்கள். பருப்புக்கு முன்பு 45 நிமிடம் அடுப்பு எரிந்தது. இப்போது 15 நிமிடம். ஒரு நாளைக்கு மிச்சம் 30 நிமிடம். 30 நாளைக்கு? 900 நிமிடம். அதாவது 15 மணி நேரம். ஒரு பானைப் பருப்பில் மட்டும் மாதம் 15 மணி நேரம் அடுப்பு எரியவில்லை. சோற்றுக்கும் இதே கணக்கைப் போட்டுப் பாருங்கள்.

இன்னொரு வேலையும் செய்யுங்கள். எதற்கு எவ்வளவு நேரம் என்று மேலே சொன்ன பட்டியலைப் பெரிய எழுத்தில் எழுதிப் பெட்டியின் மேல் ஒட்டுங்கள். பானையை வைத்த நேரத்தையும் ஒரு சீட்டில் எழுதி வையுங்கள். "6.30க்கு வைத்தது. 8 மணிக்குத் திறக்கவும்." வீட்டில் யார் இருந்தாலும் படித்துவிட்டு எடுக்கலாம். மகன் எடுக்கலாம். கணவன் எடுக்கலாம். சமையல் ஒருத்தியின் தலையில் மட்டும் இருக்க வேண்டியதில்லை.

யாருடைய நேரம்?

கடைசியாக ஒரு விஷயம். பெட்டியில் வைத்தால் சமையல் சீக்கிரம் முடியுமா? முடியாது. உண்மையைச் சொல்ல வேண்டும். சில நேரம் அதிக நேரம்கூட ஆகும்.

ஆனால் அந்த நேரத்தில் அவள் அடுப்பின் முன் நிற்க வேண்டியதில்லை. 6 மணிக்கு வருகிறாள். பானையைக் கொதிக்க வைக்கிறாள். ஆறரை மணிக்குப் பெட்டியில் வைத்து மூடுகிறாள். 8 மணி வரை அவள் கை சும்மா இருக்கும். கால் நீட்டி உட்காரலாம். பிள்ளையின் பாடத்தைக் கேட்கலாம். இந்த மையத்துக்கு வந்து ஒரு மணி நேரம் படிக்கலாம். "படிக்க ஆசைதான், அடுப்பு விடவில்லை" என்று சொல்லும் பெண்கள் எத்தனை பேர்! அடுப்பை அணைத்துவிட்டு வரலாம். பானை தானே வேகும்.

பல வீடுகளில் பெண் கடைசியில் சாப்பிடுகிறாள். மற்றவர்கள் சாப்பிடச் சாப்பிட அவள் சூடாகப் போட்டுக்கொண்டே இருக்க வேண்டும். அவள் முறை வரும்போது பருப்பு தீர்ந்திருக்கும். அடியில் கொஞ்சம் சோறு இருக்கும். கர்ப்பிணிக்கும் இதே நிலைதான். பால் கொடுக்கும் தாய்க்கும் இதே நிலைதான்.

பெட்டியில் வைத்த பானை கடைசி வரை சூடாக இருக்கும். ஒருவர் போட, ஒருவர் காத்திருக்க என்ற வேலை இல்லை. எட்டுத் தட்டையும் வரிசையாக வையுங்கள். எட்டுத் தட்டிலும் ஒரே அளவு போடுங்கள். எட்டாவது தட்டு யாருடையது? சமைத்தவளுடையது. அவளும் அதே நேரத்தில் உட்காரட்டும். அதே சூட்டில் சாப்பிடட்டும்.

வைக்கோல் இலவசம். பழைய பெட்டி வீட்டில் இருக்கும். வருகிற ஞாயிற்றுக்கிழமை ஒரு வீட்டில் சேர்ந்து முதல் பெட்டியைச் செய்யுங்கள். முதல் பானை கிச்சடியாக இருக்கட்டும். ஒன்றரை மணி நேரம் கழித்துத் திறந்து பாருங்கள். வெந்ததா, வேகவில்லையா என்று நோட்டில் எழுதுங்கள். அடுத்த கூட்டத்தில் அந்த நோட்டைப் படித்துக் காட்டுங்கள்.